நோதாங்ஸ் அண்ணையும் இருபத்திரண்டு பீப்பாய்களும்

வைனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுகிறவர்களை மெல்பேர்ணில் ஆயிரக்கணக்கில் சந்தித்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வைனை உண்மையாகவே அறிந்த மனிதர் என்று என் வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டேன். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்.

யாரா பள்ளத்தாக்கில் ஜோன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ஒரு சிறிய திராட்சைத் தோட்டமும் அதோடு சேர்ந்த வைன் கொட்டகையும் இருந்தன. அவர் நட்டது பினோ நுவார் என்கிற ஒரே இனம். மெல்லிய தோல், வெயில் கூடினால் வதங்கும், மழை கூடினால் அழுகும். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் ஜோன். அது இதைவிட லேசு என்று அடிக்கடி சொல்வார். கிழமை நாட்களில் தபால் பிரிக்கிற நான், சனி ஞாயிறில் அங்கே போய், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பேன். நான் சொன்ன அந்த மனிதர், அண்ணை, பீப்பாய்க் கொட்டகையில் முழுநேர வேலை.

வைன் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பொழுதுபட வேலை முடிந்ததும் எல்லாரும் கூடி நின்று ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அண்ணைக்கும் ஒரு கிளாஸ் நீட்டுவார். அவரும் சிரித்த முகத்தோடு "நோ தாங்ஸ்" என்பார். இப்படி இருபது வருடம். அவருடைய சொந்தப் பெயர் சிவபெருமானின் நீளமான பெயர்களில் ஒன்று. வெள்ளைக்காரர்கள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு மிஸ்டர் நோதாங்ஸ் என்று வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு நோதாங்ஸ் அண்ணை.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் இலங்கையிலிருந்து வந்தவர். ஊரில் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையில் ஸ்ரோர்கீப்பர். அரிசி மூட்டையைப் பிரிக்காமல், மோந்து பார்த்தே ஈரம் பட்டதா என்று சொல்லுகிற உத்தியோகம். இங்கே கொடி வெட்டுகிற கூலியாகச் சேர்ந்தார். ஒருநாள் விருந்தாளிகளுக்கு ஜோன் போத்தல் திறந்துகொண்டிருந்த பக்கமாகப் போனவர், நின்று, மூக்கைச் சுருக்கி, "மேடம், வெட் சாக்" என்றிருக்கிறார். ஜோன் மோந்து பார்த்தார். நனைந்த சாக்கேதான். தக்கை கெட்டால் வருகிற வாடை அது. பெரிய நிபுணர்களே சில வேளை கோட்டைவிடுவது. அடுத்த நாள் அண்ணையின் கையிலிருந்து கத்தரிக்கோல் பறிக்கப்பட்டது. பீப்பாய்க் கொட்டகையின் பூட்டுத் திறப்பு கொடுக்கப்பட்டது.

அந்த மூக்கோடு வாழ்வது லேசில்லை. கிழமை நாட்களில் தோட்டத்துப் பின்னறையில் தங்குவார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கென்று நான் குடியிருக்கிற டண்டினோங்குக்கு வந்து, சனி காலை என் காரில் திரும்புவார். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பார்.

"ஐசே, நேற்று உம்மட வீட்டில நெத்தலி பொரிச்சவை."

"ஓம் அண்ணை."

"எண்ணெய் பழசு. மனிசியிட்டைச் சொல்லும்."

என் மனைவியிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வந்ததில்லை. சனிக்கிழமைகளில் நான் சவர்க்காரம் போடாமல் குளித்தேன், தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, காருக்குள் தொங்கிய வாசனை அட்டையை எறிந்தேன். அவர் தன்னுடைய புட்டையும் சம்பலையும் கொட்டகையிலிருந்து இருநூறு அடி தள்ளிப் போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து இருந்துதான் சாப்பிடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த விமர்சகர் வந்து மாட்டினார். நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வாரா வாரம் வைனைப் பற்றி எழுதுகிறவர். அவர் ஒரு வரி நல்லதாக எழுதினால் எங்கள் வாசலில் கார் நிறுத்த இடமிருக்காது. கெட்டதாக எழுதினால் நானும் ஜோனின் நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கு முன் இரண்டு வருடம் எங்கள் வைனைத் 'தண்ணீர்' என்று எழுதியவர். முதல் தடவையாக நேரில் வருகிறார். ஜோன் காலையிலிருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். மனிதர் வந்து இறங்கும்போதே அவர் பூசியிருந்த சென்ட் கேற்றுக்கு வந்துவிட்டது. கொட்டகை வாசலில் அண்ணை ஒரு வாளித் தண்ணீரும் துவாயுமாகக் குறுக்கே நின்றார்.

"சார், நெக் வாஷ். தென் கமிங்."

நான் அடுத்த சனிக்கிழமை என்ன வேலை தேடலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். விமர்சகர் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, குனிந்து, பிள்ளையைப்போலக் கழுத்தைக் கழுவிக்கொண்டார். அந்த வாரம் பத்திரிகையில், இந்த வைனை இவ்வளவு காலமும் நான் என் சென்ட்டோடு சேர்த்தல்லவா குடித்திருக்கிறேன் என்று எழுதினார். அன்றிலிருந்து எங்களுக்கு ஏறுமுகம். வருடா வருடம் அவர் வருவார், வாளி வைக்கப்படும்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் மலைப்பக்கக் காடு எரிந்தது. எத்தனையோ உயிர்கள் போயின, வீடுகள் போயின. அந்த நேரத்தில் திராட்சையைப் பற்றி யோசிக்கவே வெட்கமாக இருந்தது. தீ எங்கள் வேலிக்கு வரவில்லை. புகை வந்தது, நாட்கணக்காகக் கொடிகளுக்கு மேலே அசையாமல் கிடந்தது. அதற்குள்ளேதான் பழம் பறித்தோம். இருபத்திரண்டு பீப்பாய் வைன் வந்தது. அந்த வருடத்து விளைச்சல் முழுவதும் அதுதான்.

ஜோன் அப்போது புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தார். அந்த மருந்து அவருடைய நாக்கையும் மூக்கையும் அணைத்துவிட்டிருந்தது. உப்பும் சீனியும் ஒன்றுதான் என்றார். நாக்கு திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். வைன் அதுவரை காத்திருக்காது.

குளிர்காலத்தில் விமர்சகர் வந்தார். கழுத்தைக் கழுவிக்கொண்டு, பீப்பாயிலிருந்து எடுத்து ருசி பார்த்தார். ஜோன் செய்தவற்றிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று எழுதினார். மறுநாளே கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஜோன் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு அழுதார். அண்ணை மட்டும் ஒவ்வொரு பீப்பாயாக மோந்துகொண்டு திரிந்தார்.

"ஒண்டும் மணக்கேல்லை ஐசே. அதுதான் பயமாக் கிடக்கு."

"மணக்காட்டில் நல்லதுதானே அண்ணை?"

"இல்லை. புகை பழத்தின்ர இனிப்போட ஒட்டிக்கொண்டு ஒளிச்சிருக்கும். மூக்குக்குப் பிடிபடாது. வாயில எச்சில் படத்தான் அவிண்டு வரும். போத்திலில அடைச்சு வைக்க வைக்கக் கூடும். சில பேற்ற வாய்க்கு அதுகும் தெரியாது."

"விமர்சகற்ற வாய்க்கு?"

அண்ணை அடுத்த பீப்பாய்க்குக் குனிந்தார்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்கலாமே என்பீர்கள். எல்லாருக்கும் அதே பயம். ஒருவர் மற்றவரின் வைனைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. ஜோன் என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிவப்பு வைன் என்றால் சிவப்பு, அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார் அண்ணை, வழக்கமான சிரிப்பில்லாமல். கொடி வெட்டுகிற இருவரில் ஒருவர் புகை என்றார், மற்றவர் இல்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜோன் கொட்டகைக்குள் வந்தார். தலையில் கம்பளித் தொப்பி. கதிரையில் இருந்துகொண்டு அண்ணையைப் பார்த்தார். புதன்கிழமை போத்தலில் அடைக்க லொறி வருகிறது என்றார். அடைத்து, பிறகு புகை வந்தால் இருபத்தைந்து வருடப் பெயர் போய்விடும். மண்ணில் ஊற்றிவிட்டு, புகை இல்லையென்றால் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வைனை நானே கொன்றதாகிவிடும். நீ சொல்லு, நீ சொல்லுவதைச் செய்கிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

அண்ணை என் கைத்தொலைபேசியை வாங்கிக் கோயில் குருக்களை அழைத்தார். காதில் வைக்காமல், ஸ்பீக்கரில் போட்டு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசியதால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"ஐயா, ஒரு சந்தேகம். வாய்க்குள்ள எடுத்துப்போட்டுத் துப்பினால் நேர்த்தி முறியுமோ?"

"எதை எடுத்து?"

"வைன். ஒரு தேக்கரண்டி."

"என்னத்துக்கு?"

"புகை இருக்கோ எண்டு பாக்க."

குருக்கள் "நீங்கள் சுகமாத்தானே இருக்கிறியள்?" என்று கேட்டார். அண்ணை விளக்கினார். குருக்கள் நல்ல மனிதர். "விழுங்காட்டில் அது குடி இல்லை. வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வந்து ஒரு தேங்காய் உடையுங்கோ" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்தார், அண்ணை வாங்கவில்லை.

"பாவம், எனக்காகச் சொல்லுறார்" என்றார். "நான் விழுங்கமாட்டன் எண்டு வைக்கேல்லை. தொடமாட்டன் எண்டுதான் வைச்சனான்."

"என்ன நேர்த்தி அண்ணை?"

இருபது வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். பிறவிச் சைவப்பழம் என்று நினைத்து, கேட்கவே தோன்றாமல் இருந்துவிட்டேன்.

"எனக்கொரு தம்பி. குலம். எண்பத்து நாலில கொழும்புக்கெண்டு வெளிக்கிட்டவன், போய்ச் சேரேல்லை. அவனிட்டை இருந்து ஒரு செய்தி வருமட்டும் தொடமாட்டன் எண்டு நல்லூர் முருகனுக்கு வைச்சனான்."

"அதுக்கு முதல் குடிப்பியளோ?"

"குடிப்பனோவோ? நானும் அவனும் பின்னேரமானால் கள்ளுக்குப் போயிடுவம். விருப்பமில்லாததை விட்டால் அது நேர்த்தியோ ஐசே?"

ஊரில் சண்டை முடிந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். அண்ணையும் பார்த்திருப்பார். "அப்ப விடுங்கோ அண்ணை, ஜோனிட்டை நான் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "என்ர மூக்கை நம்பிப் பேர் போட்டு வித்தவ. இண்டைக்கு அவவுக்கு நாக்கில்லை. நான் எனக்கிருக்கிறதைப் பூட்டி வைச்சுக்கொண்டு நிக்கேலுமே?"

முதல் பீப்பாயிலிருந்து ஒரு மிடறு எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். துப்பத் தெரியவில்லை. எங்கள் கொட்டகையில் எல்லாரும் ஐந்தடி தூரத்து வாளிக்குள் குறி தவறாமல் துப்புவார்கள். அண்ணைக்கோ அது நாடியால் வழிந்து சேர்ட்டெல்லாம் சிவப்பாகியது. துடைக்காமல் நின்றார். அரை நிமிடம் போயிருக்கும்.

"வருது" என்றார். "சாம்பல்."

அடுத்த பீப்பாய்க்குப் போனார். ஒன்று போதும் அண்ணை என்றேன். கேட்கவில்லை. இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக வாயில் ஊற்றி, காத்து நின்று, துப்பினார். பிறகு வெளியே போனார். ஜோன் அந்தச் சேர்ட்டைப் பார்த்தார். இருபது வருடம் கிளாஸ் நீட்டியவர்களில் ஒருவர் அவர். கிட்ட வந்து அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை இருபத்திரண்டு பீப்பாயும் மண்ணில் ஊற்றப்பட்டன.

நோயாளியின் கையில் ஒரு நல்ல வைன் அநியாயமாகச் செத்தது என்று விமர்சகர் எழுதினார். பிறகு, அந்த வருடத்துப் போத்தல்கள் சில, வேறு தோட்டங்களுக்குச் சாம்பல் வாடையோடு திரும்பிப் போனபோது, அவர் அதைப்பற்றி எழுதவில்லை. ஜோனுக்கு நாக்குத் திரும்பியது. அதற்கடுத்த விளைச்சலும் வந்தது. அண்ணை இப்போதும் கொட்டகையில்தான்.

சேர்ட் சிவப்பான அந்த ஞாயிறு அவரும் என் காரில் ஏறினார், தேங்காய் உடைக்க. கோயில் வாசலில் இறங்கும்போது, "குலத்துக்கெண்டு நான் வைச்சிருந்தது அது ஒண்டுதான் ஐசே" என்றார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

நான் கோயிலுக்குள் போகிறவன் இல்லை. வாசலில் காரை நிறுத்திக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறவன். அன்றும் காத்திருந்து, அவரைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு வழக்கப்படி மனைவி ஒரு கிளாஸில் வைன் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். வயிறு சரியில்லை என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு வயிறு சரியில்லை. அண்ணையிடம் இதைச் சொன்னதில்லை, குலத்தை நான் கண்டதுமில்லை. ஆனாலும் குலத்திடமிருந்து செய்தி வருமட்டும் ஒருவர் தொடாமல் இருக்க வேண்டும். அண்ணைக்கு அது முடியாமல் போய்விட்டது, நான் இருக்கிறேன்.