உயிரோடு இருக்கும் கோல்கீப்பருக்கு ஒரு சிலை

தூத்துக்குடி,
கடற்கரைத் தெரு.

அன்பும் மதிப்பும் மிகுந்த மைத்துனர் திரு. விக்டர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பிளாரன்ஸின் கணவன் தொம்மை மச்சாது எழுதிக்கொள்வது. நானும் பிளாரன்ஸும் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. நாசரேத்தில் தாங்களும் மகள் விஜிலாவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கச் சர்வேசுரனை வேண்டுகிறேன்.

மச்சான், மரியாதை இத்தோடு முடிந்தது. கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொன்னார், தொடங்கிவிட்டேன். இனி வா, போதான். இது என் சொந்தக் கையெழுத்து, நம்பு. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் மகன் மெல்வின் எழுதியவை. வலை கிழிந்தது, பிளாரன்ஸ் குசினியில் வழுக்கி விழுந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவன் 'இங்கு அனைவரும் நலம்' என்று ஒரு வரி எழுதி மடித்துவிடுவான். படிக்கத் தெரியாத காலத்தில் அந்த ஒரு வரிக்குள் நாய்க்குட்டிகளும் இருக்கின்றன என்று நம்பினேன். இப்போது ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒன்றையும் விடப்போவதில்லை.

ஈஸ்டருக்கு நீ போனில் பேசினாய். உன் காது இருக்கிற நிலைமையில் போனில் நீதான் பேச முடியும், நாங்கள் பேச முடியாது. திருவிழாவுக்கு வா என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் விஜிலா உன் காதில் சொன்னாள் போலிருக்கிறது. நீ சொன்னாய்: "அங்கன எனக்கு என்னலே இருக்கு? உங்க ரெண்டு பேரை விட்டா என்னை யாருன்னு கேக்க ஆளு கிடையாது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் பெனால்டியை மூஞ்சியால் தடுத்தவன் நீ. கடலடியில் முத்துத் தேடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், அன்று சாயங்காலம் வரை மணலைச் சலித்து உன் முன்பல்லைத் தேடினோம். அப்படிப்பட்டவனை யாருக்கும் தெரியாது என்றால், தெரியும்படி செய்துவிட வேண்டியதுதானே. அதனால்தான் சிலை. உன் சிலையைத் திறக்கிற அன்றைக்கு நீ வராமல் இருக்க முடியாது என்பது என் யோசனை. உன்னைத் திருவிழாவுக்குக் கரைக்குக் கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பழைய ஆட்டக்காரர்கள் கூடினோம். எல்லோருக்கும் சம்மதம். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், கடல் தெரிகிற இடமாகப் பார்த்து, கொத்தனாரை வைத்து அன்றைக்கே பீடம் கட்டிவிட்டோம். பிறகுதான் சிலைக்குப் போனோம். நம் கரையில் சிலை என்றால் புனிதர் சுரூபம், சுரூபம் என்றால் பால்துரை. கோயில் குருசடி எல்லாவற்றுக்கும் அவர் கைதானே. வேறு மாதிரிச் சிலை செய்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எந்தப் புனிதரு அண்ணாச்சி?" என்று கேட்டார் பால்துரை.

"கோல்கீப்பர்" என்றேன்.

"அந்த அச்சு எங்கிட்ட இல்லையே. அந்தோனியார் இருக்காரு, சூசையப்பர் இருக்காரு, மிக்கேல் சம்மனசு இருக்காரு."

மெல்வின் மிக்கேல் சம்மனசைக் கைகாட்டி, "இவருதான் பாய்ஞ்சு நிக்காரு. காலுக்கு அடியில கெடக்க பிசாசுக்கு எதிர் டீம் சட்டையைப் போட்டுருவோம்" என்றான். கப்பல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், சிறகை எங்கே ஒளிப்பது என்று நான் மறுத்துவிட்டேன். அந்தோனியாருக்கு உன்னைப் போலவே உச்சியில் வழுக்கை. கையில் இருக்கிற பாலகன் இயேசுவை எடுத்துவிட்டு அங்கே பந்தை வைத்துவிடலாம் என்றார் பால்துரை. முகத்துக்கு உன் போட்டோவைக் கொடுத்தோம்.

வந்து இறங்கியதைப் பார்த்தால், மச்சான், பந்து நன்றாக இருந்தது. அங்கியை மஞ்சள் ஜெர்சியாக்கி முதுகில் ஒன்று என்று எழுதியிருந்தார், ஆனால் ஜெர்சி கணுக்கால் வரை இருந்தது. இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு. மறு கையில் லீலி மலர்.

"ஏன்யா பூ?" என்றேன்.

"உள்ளே கம்பி ஓடுது அண்ணாச்சி. பூவைப் புடுங்குனா கை வந்துரும். செவப்பு அடிச்சுத் தாரேன், கார்னர் கொடின்னு சொல்லிக்கிடுங்க."

முகம் நீயுமில்லை, அந்தோனியாருமில்லை. உனக்கும் அவருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். வலைக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். மறுநாள் காலையில் தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது, உன் காலடியில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார்தானே, ஆடு காணாமல் போன ஒருத்தி வந்து உன்னிடம் அழுதிருக்கிறாள், ஆடு மத்தியானம் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் மெல்வின் உன் பாதத்தைத் தொட்டுவிட்டுக் கடலுக்குப் போனான், வலை கொள்ளாமல் சாளை மீன். அதன்பிறகு சொல்ல வேண்டுமா? கழுத்தில் மாலை, பந்தின்மேல் ஜெபமாலை. பீடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று போனால் பெண்கள் விடவில்லை.

சத்தம் கேட்டுக் கோயிலிலிருந்து பங்குச்சாமி வந்தார். "இது யாரு?" என்றார்.

"அந்தோனியாரு சாமி" என்றார்கள் பெண்கள்.

"எங்க மச்சான் சாமி" என்றேன் நான்.

"எப்போ இறந்தாரு?"

"நாசரேத்துல இருக்காவ."

"உயிரோட இருக்க ஆளுக்கு மெழுகுதிரி கொளுத்தப்படாது தொம்மை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் போகும்போது அவரும் ஒரு நிமிடம் நின்று முகத்தைப் பார்த்தார், சிலுவை போடக் கை தானாக நெற்றிக்குப் போய்த் திரும்பி வந்தது.

இதற்கிடையில் பொது இடத்தில் சிலை வைக்க அனுமதி வேண்டும் என்றார்கள். மனுவை நானே எழுதினேன். மாநகராட்சி ஆபீஸில் அதை வாங்கிப் படித்தது சரண்யாதேவி என்கிற பெண், தங்கமான பிள்ளை.

"தாத்தா, நினைவுச் சிலைன்னு எழுதியிருக்கீங்க. அவங்க இறப்புச் சான்றிதழ் எங்கே?"

"இன்னும் இறக்கலம்மா."

"அப்போ கொஞ்சம் பொறுத்து வாங்க."

"எவ்ளோ நாளும்மா?"

"அது எங்க ஆபீஸ்ல முடிவு பண்றது இல்ல தாத்தா."

ஆக, மச்சான், எல்லாம் தயார். நீ உயிரோடு இருப்பது ஒன்றுதான் தடை. குழுவில் உன்னிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது, கேட்கிற வேலை உறவுக்காரன் என்று என் தலையில் விழுந்தது. தவறாக நினைக்காதே. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? நெஞ்சு படபடப்பு உண்டா? டாக்டர் ஏதாவது தேதி மாதிரி சொன்னாரா? அவசரம் ஒன்றுமில்லை. திருவிழா வருகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துப் பார்த்தபோது பிளாரன்ஸ் குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டாள். "எங்க அண்ணனைச் சாகச் சொல்லியா கடுதாசி எழுதுதீரு?"

"ஏளா, கேக்கத்தானே செய்யுதேன்" என்றேன்.

"அவரு செத்துட்டா சிலை தொறக்க யாரு வேய் வருவா?"

நீ வரவேண்டும் என்பதற்காகச் சிலை, சிலை வரவேண்டும் என்றால் நீ வரமுடியாது. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அப்படியே பேனாவை வைத்துவிட்டு மைதானம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு பாடுபட்டு எழுதியது. அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஜிலாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். அந்தோனியார் உன்னைக் காத்துக்கொள்ளட்டும். வலைக் கொட்டகையில் நிற்கிறவர் அல்ல, மேலே இருக்கிறவர்.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய
தொம்மை மச்சாது

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மேலே கேட்டது எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம், சாகவும் வேண்டாம். பெண்கள் பால்துரையைக் கூட்டிவந்து பந்தை எடுத்துவிட்டுப் பாலகனை மறுபடி வைத்து, ஜெர்சிக்குக் காவி அடித்துவிட்டார்கள். பங்குச்சாமியும் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். உன் சிலை இப்போது நிஜமாகவே அந்தோனியார். பீடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதில் என்ன வைக்கலாம் என்று சரண்யாதேவியிடம் மறுபடி போய்க் கேட்டேன். "சிலைக்குத்தான் தாத்தா அனுமதி. ஆளு ஏறி உக்காந்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றது. நேற்று நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நல்ல காற்று, மைதானம் முழுக்கத் தெரிகிறது. வழியில் போகிறவர்கள் எல்லோரும் நின்று, "என்ன வேய், ஏறி உக்காந்திருக்கீரு?" என்று கேட்டார்கள். மச்சானுக்கு இடம் பிடித்திருக்கிறேன் என்றேன். எந்த மச்சான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெனால்டியை முழுதாகச் சொன்னேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவேண்டி இருந்ததால், பஸ்ஸில் போடுவது போல் பீடத்தில் துண்டு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். திருவிழாவுக்குள் வந்து சேர். எனக்கு வேறு துண்டு இல்லை.