தெம்பு மாத்திரை

சஜ்தாவில் நெற்றியை வைத்த அப்துல் லத்தீப் எழுந்திருக்கவே இல்லை.

இமாம் எழுந்தார், வரிசை முழுவதும் எழுந்தது, இவர் மட்டும் பாயோடு பாயாகக் கிடந்தார். தொழுகை முடிந்து எல்லோரும் ஸலாம் கொடுத்த பிறகும் அப்படியேதான். பார்த்துக்கொண்டிருந்த, பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கப்பா, எப்படி உருகித் தொழுவுறாரு! தோல் மண்டி வச்சிருக்கிற மனுசனுக்கு இம்புட்டு இறையச்சமா?"

அப்போதுதான் குறட்டை கேட்டது.

இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பேகம்பூர் வீட்டில் விட்டார்கள். கதவைத் திறந்தாள் அவர் மனைவி அஜீஸுன்னிசா.

"ஒண்ணுமில்லம்மா. நோன்பு அசதி" என்றார் மோதினார்.

ஒன்றுமில்லையாம்! இருந்தது என்னவென்று அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும்.

லத்தீப் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. உப்புப் போட்ட தோலைக் கையால் தடவியே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். அய்யலூர்ச் சந்தை ஆட்கள்கூட அவரிடம் வாலாட்ட மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவருக்குப் போன ஐப்பசியிலிருந்து காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் போதும், உள்ளங்கை வேர்க்கும். இன்னும் செத்த நேரத்தில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று இருபத்து நாலு மணி நேரமும் ஒரு பயம். ஓதி ஊதிய தண்ணீரும் கேட்கவில்லை, பூண்டுக் கஷாயமும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் மிக்கேல்ராஜிடம் போனார்.

"இதயத்துல ஒரு கோளாறும் இல்ல பாய். மனசுதான் நிக்காம ஓடுது" என்றார் டாக்டர். "காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோவு, அம்புட்டுத்தான். இதுக்குச் சீமை மாத்திரை இருக்கு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எதுன்னாலும் எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்ங்க."

மாத்திரை கேட்டது. மனிதர் தூங்கினார், சிரித்தார், தபால்காரருக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் விஷயம் வெளியே தெரியக் கூடாது. மகள் நசீம் பானுவுக்கு வந்த திருச்சிச் சம்மந்தம், 'பொண்ணோட அத்தாவுக்கு மூளை சரியில்லையாம்' என்று எவனோ ஊதிவிட்டதில்தான் முறிந்தது. அந்தப் பெண் அதன்பிறகு வாசல் பக்கமே வருவதில்லை. இப்போது நத்தத்திலிருந்து புளி வியாபாரி ஜமால் முகமதுவின் மகன் முனீருக்குக் கேட்டிருக்கிறார்கள். இதுவும் கை நழுவினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்த நேரம் பார்த்து ரமலான் பிறந்தது. பகலில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. மூன்று வேளை மாத்திரையை எங்கே போடுவது?

"டாக்டரைக் கேட்டா நோன்பு வைக்காதீங்கன்னுருவாரு" என்றார் லத்தீப்.

"அவரை எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அஜீஸுன்னிசா. "விட்டுப்போன தொழுகையச் சேத்து வச்சுக் களாவாத் தொழுவுறதில்லையா? அது மாதிரி மூணையும் நோன்பு திறக்கையில ஒண்ணாப் போட்டுருங்க. கணக்கு நேராயிரும்ல?"

மார்க்கத்தோடு ஒத்துப்போகிற யோசனையாக இருந்ததால் லத்தீப்புக்கு அது மருத்துவத்தோடும் ஒத்துப்போகும் என்றே பட்டது. அந்த யோசனைதான் ஒரு வாரமாக அவரைச் சாய்த்துக்கொண்டிருந்தது. முதலில் கஞ்சிக் கோப்பையோடு சாய்ந்தார். பிறகு மண்டியில், தரகர் கருப்பணன் பேசிக்கொண்டிருக்கும்போதே தோல் குவியலில் சாய்ந்தார். இப்போது பள்ளிவாசல்.

"வெள்ளிக்கிழமை நத்தத்துக்காரவுக நோன்பு திறக்க வாராக" என்று தலையில் கை வைத்தாள் அஜீஸுன்னிசா. "வந்த இடத்துல நீங்க இப்படிக் கவுந்தா என்ன நினைப்பாக? அந்தச் சனியனை இன்னையோட விட்டுருங்க."

விட்டார். அடியோடு விட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

பழைய படபடப்பு தனியாக வரவில்லை, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. கை நடுங்கியது. கண் ஒரு பொட்டு மூடவில்லை. காக்கை கரைந்தால் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மனிதர் கூடத்து மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"நான் செத்துத் தொலைஞ்சாலாவது எம் பொண்ணுக்கு நல்லது நடக்கும்" என்றார்.

"அத்தா, அப்படிச் சொல்லாதீங்க" என்று நசீம் பானு அவர் கையைப் பிடித்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

ஜமால் முகமது ஆஜானுபாகுவான ஆள். கழுத்தில் மப்ளர், வாயில் ஓயாத இருமல். அவர் மனைவி பக்ருன்னிசா ஸலாம் சொல்லிவிட்டுப் படுதாவுக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போய்விட்டாள். மரியாதைக்கு மோதினாரையும் அழைத்திருந்தார்கள்; பாங்கு சொல்ல மகனை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தார்கள். சம்மந்தி இடுப்பிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார்.

"இருமல் மருந்து. பனி ஆகல சம்மந்தி, ஆளைத் தின்னுது."

லத்தீப் கஞ்சிக் கோப்பையை எடுத்தார். பாதிக் கஞ்சி அவர் மடியில் கொட்டியது, மீதி மோதினார் மடியில் கொட்டியது.

"கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் சம்மந்தி.

"பசி... பசிதான்" என்று எழுந்து, பின்கட்டுக்கு ஓடினார். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளை நடுங்கும் கையால் எடுத்தார். ஒன்றை வாயில் போட்டுத் திரும்பினால், கை கழுவ வந்த சம்மந்தி எதிரில் நிற்கிறார்.

"அது என்னா மாத்திரை?"

திருச்சிக்காரர்களின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. "தெம்பு மாத்திரை. நோன்புக்குச் சாப்பிடுறது. நல்ல சத்து."

"அட, நம்ம உடம்பும் இருமி இருமி ஓஞ்சு கெடக்கு. நமக்கும் ரெண்டு குடுங்க."

"இல்ல, இது... உங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோ..."

"சம்மந்தியாகப் போறவன் கேட்டு ரெண்டு மாத்திரைக்குக் கணக்குப் பாக்குறீங்களே!" என்று சிரித்தபடி அவர் உள்ளங்கையை நீட்டினார். லத்தீப்புக்கு வாய் வரவில்லை. இரண்டு மாத்திரையோடு கைதான் போனது.

தொழுதுவிட்டு வந்து பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். நத்தத்து மாம்பழத்தைப் பற்றி ஆரம்பித்த சம்மந்தியின் பேச்சு நடுவில் குழறியது. கண் செருகியது. இரண்டாவது கவளம் வாய்க்குப் போகவில்லை. மரம் சாய்கிற மாதிரி மோதினார் மேலேயே சாய்ந்தார்.

"சம்மந்தி! சம்மந்தி!" லத்தீப் உலுக்கினார். ம்ஹூம்.

"நல்லா சூடாக் கடுங்காப்பி ஊத்துங்க, முழிச்சுக்குவாரு" என்று உள்ளேயிருந்து டம்ளரை நீட்டினாள் அஜீஸுன்னிசா. ஊற்றினார்கள். அது தொண்டையில் சிக்கி, மூக்கு வழியாக வந்து, அவர் முகம் நீலம் பூத்தது. மூச்சு எங்கேயோ தூரத்தில் போய்வருகிற மாதிரி இருந்தது.

"யாசீன் ஓதுவோமா?" என்றார் மோதினார், உயிர் பிரிகிறவர் பக்கத்தில் ஓதுகிற குரலிலேயே மெதுவாக.

லத்தீப்புக்கு உலகமே இருண்டது. உண்மையைச் சொன்னால் மகள் வாழ்வு போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் உயிர் போகும். படுதாவுக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. அது நசீமுடையது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

டாக்டர் மிக்கேல்ராஜ் வந்ததும் ஜமால் முகமதுவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். வாயில் கிடந்ததைத் துடைத்து எடுத்தார். நாடியைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"என்ன சாப்பிட்டாரு? ஒளிக்காம சொல்லுங்க."

"இருமல் மருந்து" என்றார் மோதினார்.

"அதுவே தூக்கம் குடுக்குற மருந்து. வேற?"

லத்தீப் படுதாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"என் மாத்திரை டாக்டர். ரெண்டு. நான்தான் குடுத்தேன்."

டாக்டருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எந்த மடையன் இதைச் செய்வான்? உங்க உடம்பைப் பாத்து உங்களுக்குன்னு குடுத்த மருந்தை அடுத்தவருக்குக் குடுக்கலாமா? இந்த ரெண்டும் சேந்தா மூச்சே அடங்கிப்போகும், தெரியுமா? இதுல மயங்கிக் கெடக்கிறவர் வாயில காப்பி வேற!"

லத்தீப் எல்லாவற்றையும் கொட்டினார். மூன்றை ஒன்றாகப் போட்டது, அப்புறம் அடியோடு நிறுத்தியது, ஒன்றுவிடாமல்.

"களாவா?" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நோன்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, விடியுமுன்ன சகர் சாப்பாட்டுக்கும் ராத்திரிக்குமாப் பிரிச்சு மாத்திக் குடுத்திருப்பேனே. நின்னாப்புல நிறுத்துனா நடுங்காம என்ன செய்யும்? இதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், அதுவும் நான் சொல்லும்போதுதான்."

பிறகு நாடியை இன்னொரு தடவை பார்த்தார். "மூச்சு சீராகுது. தூங்கட்டும். நான் இங்கேயே இருக்கேன்."

உயிர் பிழைத்தது என்று லத்தீப்புக்குப் புரிந்தது. அப்படியே படுதாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம்தான் போயிற்றே.

"தங்கச்சி, அது தெம்பு மாத்திரை இல்ல. எனக்கு நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம். அதுக்குத்தான் சாப்பிடுறேன். ஊருக்கு ஒளிச்சேன், உங்களுக்கும் ஒளிச்சேன். உங்க வீட்டுக்காரரக் கொல்லப் பாத்தேன். இந்தச் சம்மந்தம் வேணாமுன்னு நீங்க போனா நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். எம் பொண்ணு மேல மட்டும் ஒரு பழியும் சொல்லிராதீங்க."

டாக்டர் ஏனோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த ஜமால் முகமது மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் குறட்டை விட ஆரம்பித்தார்.

கடைசியில் பக்ருன்னிசாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"செத்த மெதுவாப் பேசுங்கண்ணே, டாக்டர் வாசல்ல ஒரு நாள் இந்த மாத்திரையோட உங்களப் பாத்துட்டுத்தான் இந்தச் சம்மந்தத்தையே நான் பேசச் சொன்னேன், எங்க முனீருக்கும் ரெண்டு வருசமா இதே மாத்திரைதான், அந்தா தூங்குறாகளே, அவுக ஒருத்தருக்குத்தான் தெரியாது."