ஜன்னலுக்குக் கீழே சிங்கங்கள்

மூன்றாவது நாளும் சிங்கங்கள் வந்துவிட்டன.

காலை ஆறு மணி. நிஷிகாந்த் தாம்லேயின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே முதலில் ஒரு விசில் கேட்டது. பிறகு இருபது கிழவர் கிழவிகள் நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, விரல்களை நகம்போல் விரித்துக்கொண்டு ஒரே குரலில் சிரித்தார்கள். அதற்குப் பெயர் சிங்கச் சிரிப்பு என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் அவன் மிருகக்காட்சிசாலையின் சுவர் இடிந்துவிட்டதாக நினைத்தான்.

அவன் தூங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மனைவி கேதகி நோயில் இறந்த ஆறு மாதமாக அவனுக்கு விடிகிற சமயத்தில்தான் தூக்கம் வரும். பத்து மணி வரை இருக்கும். ஒரு நாளைக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அது போனால் வேலையும் போகும். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிற வேலை. சிங்கங்கள் முதலில் வந்த அன்று, தூக்கக் கலக்கத்தில், ஒரு மூன்று மாடி வீட்டின் படிக்கட்டை நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டான்.

"தாம்லே, நாம கட்டுறது வீடா, நீச்சல் குளமா?" என்று முதலாளி போனில் கேட்டார்.

"திருத்திடறேன் சார்."

"உன் நிலைமை தெரியும். அதனாலதான் இதுவரைக்கும் வாயைத் திறக்கல. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஆகவே கீழே இறங்கிப் போய்க் கத்துவது என்று முடிவு செய்தான்.

செருப்பைத் தேட வேண்டியிருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் அது பூஞ்சை பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. கடைசியாக எப்போது போட்டான் என்று நினைவில்லை. மளிகை வாசலுக்கு வந்துவிடும். வேலை கணினிக்கு வந்துவிடும். அவனைப் போன்றவனுக்குச் செருப்பு தேவையில்லாத பொருள்.

கட்டடத்தை ஒட்டி மாநகராட்சியின் சின்னப் பூங்கா. இரண்டு பெஞ்சு, ஒரு வேப்பமரம். தூறலில் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் கழுத்தில் விசிலும் கையில் பச்சைக் கொடியுமாக ஒருவர். பெண்டார்கர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, கொடியைக் கொடுக்கவில்லை.

நிஷிகாந்த் ஆள்காட்டி விரலை அவர் மூக்குக்கு நேராக ஆட்டினான்.

"இது என்ன அக்கிரமம்? மனுஷன் தூங்க வேண்டாமா?"

பெண்டார்கர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு விசில் ஊதினார்.

"சண்டைச் சிரிப்பு! எல்லாரும் விரலை ஆட்டுங்க!"

இருபது பேரும் அவனைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள்.

"இன்னும் கோபமா, தாம்லே! தோள்லேர்ந்து ஆட்டணும்!"

"காகா, நான் சிரிக்க வரல. புகார் சொல்ல வந்திருக்கேன்." கோபத்திலும் ஊர் வழக்கப்படி 'காகா', சித்தப்பா, என்றுதான் வாயில் வந்தது.

"பேஷ்! முகத்தை அப்படியே வெச்சுக்கோ. புதுசா வர்றவங்களுக்கு இது சுலபத்துல வராது."

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "போலீஸைக் கூப்பிடறேன்."

விசில். "போன் சிரிப்பு!"

இருபது பேரும் உள்ளங்கையைக் காதில் வைத்து, மறுமுனையில் யாரோ பெரிய நகைச்சுவையைச் சொன்னதுபோல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிப்புச் சிரிப்பு!" என்றார் பெண்டார்கர். எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனித உடம்பு எந்த நிலையில் நின்றாலும் அதற்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தார்கள்.

அவன் மாடிக்குத் திரும்பி, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, அன்றைக்கு ஒரு சமையலறைக்கு ஜன்னல் வைக்க மறந்தான்.

*

புனேக்காரனுக்குக் கோபம் வந்தால் அடிக்கமாட்டான். பலகை எழுதி மாட்டுவான். நிஷிகாந்தும் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வேப்பமரத்தில் கட்டினான்:

'சிரிக்க வருபவர்கள் கவனத்துக்கு. காரணமில்லாமல் சிரிப்பது உங்கள் கொள்கை என்று கேள்விப்பட்டோம். சிரிக்காமல் இருப்பதற்கும் காரணம் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். இப்படிக்கு, மேலே தூங்க முயல்பவன்.'

மறுநாள் ஆறு மணிக்கு விசில் கேட்கவில்லை. அவன் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தான். ஒரு நிமிஷம் முழு அமைதி. வென்றுவிட்டான்.

பிறகு வெடித்தது. பயிற்சிச் சிரிப்பு அல்ல, நிஜச் சிரிப்பு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எட்டிப் பார்த்தான். லேலே என்ற ஓய்வுபெற்ற வக்கீல், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அட்டையை மறுபடியும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல இப்படி எழுத ஆளே இல்லாமப் போச்சுன்னு நினைச்சேன்," என்றார் மேலே பார்த்து. "மரியாதை குறையாம செருப்பால அடிச்சிருக்கே. எழுதினது நீதானே?"

"அதுல எழுதியிருக்கறபடி நடங்க, போதும்!"

"நடக்கறதா? இதைச் சட்டம் போட்டு மாட்டணும்டா!"

போனில் படம் எடுத்தார்கள். படம் ஊர் முழுக்கச் சுற்றியது. அதற்கடுத்த நாள் பலகையைப் பார்க்க மட்டும் வேறு பேட்டைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று நின்று சிரித்துவிட்டும் போனார்கள். இருபது சிங்கம் நாற்பதானது.

அவன் மறுபடியும் கீழே போனான். இந்தத் தடவை நேராக லேலேயிடம்.

"சார், நீங்க வக்கீல். நியாயம் சொல்லுங்க. மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் யாராவது உங்க வீட்டு மணியை அடிச்சா சும்மா விடுவீங்களா?"

"கொன்னுடுவேன். அது தூங்கற நேரம்."

"எனக்கு இதுதான் தூங்கற நேரம்."

"காலையில தூங்கறவனுக்கு இந்த ஊர்ல சட்டப் பாதுகாப்பு கிடையாது, தாம்லே. இருந்தாலும் வழி இருக்கு. எங்க சிரிப்பு கிளப்புல புகார் கொடுக்கலாம். கூட்டத்துல வெச்சுப் பேசுவோம்."

"சரி, இப்பவே கொடுக்கறேன்."

"உறுப்பினர் மட்டும்தான் கொடுக்கலாம்."

"உறுப்பினர் ஆகறதுக்கு?"

"ஒரு வாரம் விடாம வந்து சிரிக்கணும்."

நிஷிகாந்த் கணக்குப் போட்டான். ஒரு வாரத் தூக்கத்தைக் கொடுத்து மிச்ச ஆயுளின் தூக்கத்தை வாங்குவது லாபம் என்று தோன்றியது. கையெழுத்துப் போடப் பேனா கேட்டான். பேனா வேண்டாம், நாக்கை நீட்டு என்றார் லேலே.

*

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"வர வேண்டாம்," என்றார் பெண்டார்கர். "வயித்தை ஆட்டு. வயித்துக்கு நிஜம், பொய் தெரியாது. அது பாட்டுக்கு நடக்கும்."

மோர் கடைகிற சிரிப்பு, வாய் மூடிய சிரிப்பு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று சிரிப்பது. கொக்கில் அவன் விழுந்தான். விழுந்தவனைத் தூக்க வந்த இருவரும் விழுந்தார்கள். மூன்று பேரையும் சுற்றி நின்று மற்றவர்கள் சிரிக்க, பெண்டார்கர் பச்சைக் கொடி காட்டினார்.

ஏன் இங்கே வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்பது கிளப்பின் விதி. அதனால் எல்லோரும் கேட்காமலே சொன்னார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பெண்டார்கர் வீட்டில் விசில் ஊதிக் குடும்பத்தை எழுப்பியிருக்கிறார். விசிலோடு வெளியே போ என்றுவிட்டாள் மனைவி. லேலேக்கு இடுப்பில் புதுமூட்டு வைத்திருந்தது. அவரைவிட அது நன்றாக வழக்காடும் என்பார். குமுத் காகூவின், அதாவது குமுத் சித்தியின், பிள்ளை கனடா போய்விட்டான். காகூவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போய், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிங்கமாகச் சிரிப்பாள்.

"உட்கார்ந்த சிங்கம்தான்டா ஆபத்து," என்பாள். "நாற்காலியைத் தூக்கு, டீ குடிக்கப் போகலாம்."

டீக்கடையில் அவலும் கொடுப்பார்கள். நிஷிகாந்த் வேண்டாம் என்பான். குமுத் காகூ தன் தட்டிலிருந்து பாதியை அவன் தட்டில் தள்ளுவாள். இதுவும் விதி என்பாள். எந்த விதி என்று கேட்டால், "லேலே, விதியைச் சொல்லு" என்பாள். லேலே உடனே ஒன்றை இயற்றுவார்.

ஒரு வாரம் முடிந்து கூட்டம் கூடியது. நிஷிகாந்த் எழுந்து நின்று புகாரைச் சொன்னான். தூக்கம், வேலை, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிய படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஆறு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு வார்த்தைகள் பேசியதில்லை. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

"நியாயமான புகார்," என்றார் லேலே. "கிளப் வேற இடத்துக்குப் போகத் தயார். இடம் பார்க்க ஒரு கமிட்டி போடறோம். தலைவர், தாம்லே."

"மத்த உறுப்பினர்கள்?"

"எங்க யாருக்கும் கால் சரியில்ல. நீ மட்டும்தான்."

*

தூசு தட்டி ஸ்கூட்டரை எடுத்தான். வேலை முடிந்த மாலைகளில் ஊரைச் சுற்றினான். ஒரு பள்ளிக்கூட மைதானம் பார்த்தான். "காலையில பிரார்த்தனை இருக்கு, சிரிக்கக்கூடாது" என்றார் தலைமையாசிரியர். ஒரு கோயில் வளாகம் பார்த்தான். சிங்கச் சிரிப்பைச் செய்து காட்டச் சொன்னார் அர்ச்சகர். செய்து காட்டினான். போகச் சொல்லிவிட்டார்.

குமுத் காகூவுக்குப் படி இருக்கக்கூடாது. லேலேக்குக் கழிப்பறை பக்கத்திலேயே வேண்டும். மழைக்குக் கூரை வேண்டும். அவனுக்கு என்ன வேண்டும் என்பது நடுவில் எங்கோ கைதவறிவிட்டது. இரவு பத்து மணிக்கெல்லாம் கட்டிலில் விழுந்து மரக்கட்டைபோல் தூங்கினான். வரைபடத்தில் படிக்கட்டுகள் மாடிக்குப் போயின.

"என்ன தாம்லே, சமையலறைக்கெல்லாம் ஜன்னல் இருக்கு?" என்றார் முதலாளி. சந்தேகமாகத்தான் கேட்டார்.

கடைசியில் இடம் கிடைத்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில், பாலத்தை ஒட்டி, தகரக்கூரையும் சிமென்ட் தளமும் போட்ட மைதானம். பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறை. வார்டு அலுவலகத்தில் நாலு நாள் வரிசையில் நின்றான்.

"என்ன காரியத்துக்கு?" என்று கேட்டார் குமாஸ்தா.

"சிரிக்க."

"யாரைப் பார்த்து?"

"சும்மாவே."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஆபீஸுக்குள்ள வந்து இதைச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கு. எடுத்துக்கோ. போன மாசத்துலேர்ந்து அது சும்மாதான் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. குடைகளுக்கடியில் நாற்பது சிங்கங்களும் நனைந்துகொண்டிருந்தன. நிஷிகாந்த் பெண்டார்கரிடமிருந்து விசிலை வாங்கி ஊதினான். அது அவனுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

"இடம் பார்த்தாச்சு!" என்றான். "கூரை இருக்கு. படி கிடையாது. லேலே சார், கழிப்பறை உங்க கைக்கெட்டற தூரம். காகூ, உங்க நாற்காலி எங்க போடணும்னுகூட வரைஞ்சு கொண்டாந்திருக்கேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், பாலத்தை ஒட்டின மைதானம். நாளைலேர்ந்து நாம அங்கேதான்!"

கைதட்டலுக்காகக் காத்திருந்தான்.

யாரும் தட்டவில்லை. பெண்டார்கர் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். லேலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மழையில் அதைத் துடைப்பதில் ஒரு பொருளும் இல்லை.

"அது வேண்டாமே," என்றார் பெண்டார்கர்.

"ஏன் காகா?"

"காத்து சரியில்ல."

"ஆத்தங்கரையில காத்து சரியில்லையா? இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கறதுதான் சரியா இருக்கா? லேலே சார், நீங்களாவது சொல்லுங்க."

"சட்டச் சிக்கல் இருக்கு," என்றார் லேலே. என்ன சிக்கல் என்று சொல்லவில்லை.

"நான் நாலு நாள் வரிசையில நின்னு அனுமதி வாங்கியிருக்கேன்! கோயில்ல போய்ச் சிங்கமாச் சிரிச்சுக் காட்டியிருக்கேன்! வேண்டாம்னா காரணம் சொல்லுங்க!"

விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். சண்டைச் சிரிப்பு என்று யாரும் கத்தவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெண்டார்கர் மட்டும் குமுத் காகூவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினார்.

"போங்கடா, இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது. தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டி வந்து என் முழங்கால் தேஞ்சுபோச்சு," என்று குமுத் காகூ நாற்காலியிலிருந்து வெடித்தாள். "அது எங்க மைதானம்டா, தாம்லே. காலையில நடக்கப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு உன் கேதகி வந்து சிரிச்சதும் அங்கேதான். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, 'நான் போனதும் ஆறு மாசம் அவனைச் சும்மா விடுங்க காகூ, அப்பவும் கதவைத் திறக்கலேன்னா நேரா அவன் ஜன்னலுக்குக் கீழ போய்ச் சிரிங்க, திட்டறதுக்காவது இறங்கி வருவான்'னு எங்களை அனுப்பினவளே அவதான்!"