கை நனையாமல் எழுந்த காரணம்

பட்டினப்பாக்கம்,
சென்னை.

சேசு மரி சூசை துணை.

மதிப்புக்குரிய சம்பந்தி கஸ்பார் பர்னாந்து அவர்களுக்கு, இன்னும் அப்படிக் கூப்பிட அனுமதி இருக்கும் என்ற தைரியத்தில், வேதநாயகம் கைகூப்பி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். தூத்துக்குடியில் சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, உங்கள் அக்கா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல, கல்யாணப் பெண்ணாகிய என் பேத்தி ஜெர்லின்தான் எழுதுகிறாள். பேனா சில இடத்தில் காகிதத்தைக் கிழித்திருந்தால் அது என்மேல் உள்ள கோபம், உங்கள்மேல் இல்லை.

வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டுப் பெரியவன் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம். அன்றைக்கு உங்கள் வீட்டில் இலை போட்டு, சோறு வைத்து, சீலா மீன் குழம்பும் ஊற்றிய பிறகு, நான் வலது கையை இலைக்கு மேலே கொண்டுபோய் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்தேன். "பெரியவருக்கு மனசு ஒப்பல போல" என்று உங்கள் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மாமேல் குற்றமில்லை, ஆனால் ஒப்பாதது மனசு இல்லை, வயிறு. அன்று முதல் உங்களிடமிருந்து போன் இல்லை. மாப்பிள்ளையும் கல்யாணத் தேதி என்றால் பேச்சை மாற்றுகிறாராம். ஜெர்லின் எனக்குக் காபி கொண்டுவந்தால் டம்ளரை வைக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது.

நடந்தது இதுதான். அன்று காலை உங்கள் ஊருக்குக் கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போனதும் பிளேன் லேட்டு என்றார்கள். என் மகன் பிரசாத்திடம் ஆபீசில் கொடுத்த கார்டு ஒன்று இருக்கிறது, அதைக் காட்டினால் லவுஞ்ச் என்று ஒரு ஏசி ரூமுக்குள் விடுகிறார்கள், கூட ஒரே ஒரு ஆள் போகலாம். என் சம்சாரம் தேசம்மாவும் ஜெர்லினும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப் புளிசாதத்தைப் பிரித்தார்கள், நான் உள்ளே போனேன். "நைனா, எல்லாம் ஃப்ரீ, இன்னா வேணுமோ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு பிரசாத் போனைக் காதில் வைத்தவன்தான், அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே சுவரோரமாக வரிசையாக ஆட்கள், ஆளுக்கு ஒரு தொப்பி, ஆளுக்கு ஒரு அடுப்பு. தோசைக்காரன்தான் முதலில் கூப்பிட்டான், "சார், ஒண்ணு போடட்டுமா?" முகத்துக்கு நேரே கேட்கிறவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தோசை நன்றாகவே இருந்தது, சாம்பாரைத்தான் யாரோ பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள், அவ்வளவு தித்திப்பு.

சாப்பிட்டு எழுந்தால் அடுத்த அடுப்புக்காரன் பார்க்கிறான். எங்கள் தெருவில் மாதா திருவிழா அன்று வீட்டுக்கு வீடு சாப்பாடு, ஒரு வீட்டில் தின்று இன்னொரு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நான் சூசைமுத்து வீட்டுப் பாயசத்தை விட்டுவிட்டு வந்தேன், அவன் சாவுக்குப் போனபோதும் அவன் பெண்சாதி ஒப்பாரியை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். அதனால் இரண்டாவது ஆளிடமும் போனேன். வெள்ளையாக, வழவழவென்று, குழாய் குழாயாக ஏதோ கொடுத்தான், பாஸ்தாவாம், காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கலாம். அப்புறம் நூடுல்ஸ், பன்னீர், புலாவ், பேல்பூரி, சோயாவில் செய்த கோலா உருண்டை. ஒரு தட்டில் மீன் என்று வைத்திருந்தார்கள். தலை இல்லை, தோல் இல்லை, முள்ளும் இல்லை, துணி மடித்த மாதிரி நாலு மூலையும் சரியாக இருந்தது. எந்த மீன் தம்பி என்றேன். "ஃபிஷ் சார்" என்றான். எவ்வளவு மரியாதையான பையன், அவன் மனசு நோகக் கூடாதே என்று அதையும் தின்றேன். கண்ணாடிக்கு வெளியே இருந்து தேசம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வெளியே வந்ததும் "இன்னாய்யா, சம்பந்தி ஊட்டுக்குப் போறியா, சோத்துக்குச் செத்து வந்தியா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஏப்பம்தான் வந்தது.

முன்பின் தெரியாத தொப்பிக்காரர்கள் மனசு நோகக் கூடாது என்று போய், சொந்தமாகப் போகிற உங்கள் மனசை நோகடித்துவிட்டேன். உங்கள் குழம்பின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. மாங்காய் போட்டிருந்தீர்கள், தேங்காயை அம்மியில் அரைத்திருந்தீர்கள், தப்பில்லையே? வருகிற ஞாயிறு பஸ் ஏறி வருகிறேன். வழியில் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டேன். நேராக வந்து இலையில் உட்காருவேன், உங்கள் அக்காவே பரிமாறட்டும், போதும் என்ற வார்த்தை என் வாயில் வராது. பெரியவன் வயிறு செய்த தப்புக்குப் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள். ஜெர்லின் நல்ல பெண், இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் அதட்டி எழுத வைத்தேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உங்கள் அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பனிமய மாதா உங்கள் வீட்டு உலை கொதிக்கக் குறை வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பசியோடு வரப்போகும்
வேதநாயகம்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்த பிறகு சம்பந்தியம்மா தேசம்மாவுக்குப் போன் செய்தார்கள். அன்றைக்கே என் முகம் வெளுத்திருந்ததைக் கவனித்தார்களாம், தின்று தொலைத்தவன் முகம் தெரியாதா என்றார்களாம். வருகிற சனிக்கிழமை நீங்களே பிளேனில் வந்து எங்கள் வீட்டில் கை நனைக்கப் போவதாகச் சொன்னதும் ஜெர்லின் உள்ளே ஓடிவிட்டாள், இப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆகவே நான் பஸ் ஏற வேண்டாம். சனிக்கிழமைக்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று இதைப் போட்டோ பிடித்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அவரிடமும் அந்தக் கார்டு இருக்கிறதாம். தயவுசெய்து அந்த மாதிரி ரூம் எங்கே கண்டாலும் நுழையாதீர்கள். நுழைந்தாலும் தொப்பிக்காரர்கள் கூப்பிட்டால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். ஓரத்தில் ஆளில்லாத மேசையில் பிரெட் புட்டிங் என்று ரொட்டியில் செய்த இனிப்பு ஒன்று இருந்தால் அதை மட்டும் விடாதீர்கள். மேலே அதைச் சொல்லவில்லை. அங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன், திரும்பத் திரும்பப் போனேன். அதைத் தின்றுவிட்டு வந்து எங்கள் வீட்டில் உங்களால் கை நனைக்க முடியாமல் போனால், தேசம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.