இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் ஜோடி கிடையாது

எங்கள் சேக்காட்டில் நாய்க்குட்டி வாங்கினால், ஏதோ திருட்டுச் சரக்கு மாதிரி பைக்குள் ஒளித்துத்தான் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும். காரணம் ஒரே ஆள். ரிஜெக்ட் அண்ணாத்தே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் சரக்கின் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். முடியளவு பிசகினாலும் பார்ட்ஸ் மேல் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு பெயின்ட் அடித்து ஓரங்கட்டிவிடுவார். ஷிப்ட் முடிந்தாலும் அந்தக் கண் ஓயாது. எவன் கையிலாவது குட்டியைப் பார்த்தால் வண்டிக்கு பிரேக்.

"இன்னாபா, அப்பன் ஆத்தா எக்ஸ்ரே எங்க?"

"சர்டிபிகேட் கீது அண்ணாத்தே. தாத்தா சாம்பியனாம்!"

"தாத்தன் கப்பு வாங்கினா பேரனுக்கு இடுப்பு நிக்குமா? மூட்டுல பந்து சரியா உக்காரலன்னா வம்சமே நொண்டும்டா!"

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வந்த விதத்தை அவர் உற்றுப் பார்க்க, அண்ணி அவரைப் பாதிப் பந்தியிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரிடமும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. பெயர் ஜான்சி. அதன் குட்டிக்குத் தெருவே காத்திருந்தது. முதல் குட்டி எனக்கு என்று நான் சத்தியமே வாங்கியிருந்தேன். ஜோடி சேர்க்க, பாடி ஏரியாவிலிருந்து ஒரு லாரி ஓனர் தன் ஆண் நாயோடு வந்து இறங்கினார். அதன் எக்ஸ்ரே பக்கா. அன்று காலைதான் ஜான்சிக்கு எடுத்திருந்தார்கள். அண்ணாத்தே படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தார். இடுப்பு மூட்டில் பந்து ஒரு பக்கம், அது உட்கார வேண்டிய கிண்ணம் ஒரு பக்கம்.

"ஜோடி கேன்சல்."

ஓனர் கடுப்பானார். "இன்னா நைனா, நல்லாதான ஓடிக்கினு கீது? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல? பத்து ஊட்ல பத்து குட்டி காலை இழுத்துக்கினு கெடக்கும். என் கையைத் தாண்டி டேமேஜ் சரக்கு போனதில்ல. கெளம்பு!"

"ஒரே ஒரு குட்டி, அண்ணாத்தே..." என்று நான் கெஞ்சினேன்.

"உனக்குத்தான்டா மொதல்ல கெடையாது!"

"அப்ப இதுக்கும் பெயின்ட் அடிச்சுத் தூக்கிப் போடு" என்று ஓனர் சீண்டினார்.

அண்ணாத்தே ஜான்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "குட்டி போடத்தான் ரிஜெக்ட். என் ஊட்டுக்கு இல்ல."

இப்போது ஜான்சியால் படி ஏற முடிவதில்லை. மாடியில் கட்டில் சும்மா கிடக்க, அண்ணாத்தே கீழே அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். சாயங்காலம் அவர் கயிற்றைப் பிடிப்பார். ஜான்சியின் இடுப்புக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி நான் பின்னால் நடப்பேன்.

"இன்னும் கொஞ்சம் தூக்குடா, வலிக்கப்போவுது" என்பார். ஜான்சியைவிட மெதுவாக நடப்பது அவர்தான்.