அம்மாவை மறுதலித்த காலை

மறுத்தல் வேறு, மறுதலித்தல் வேறு. "இன்னொரு தோசை போடட்டோ?" என்று கேட்டால் "போதும்" என்பது மறுப்பு. பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இவரை எனக்குத் தெரியாது" என்பது மறுதலிப்பு. அதற்கு லண்டனில் என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் நேர்முகத் தேர்வு. படித்து முடித்துப் பதினொரு மாதம் சும்மா இருந்தாயிற்று. இதுவும் தவறினால் மாமாவின் கடையில் மரக்கறிப் பெட்டி தூக்குவதுதான் விதி. ரெய்னர்ஸ் லேனில் அம்மாவும் கூடவே ரயிலேறிவிட்டார். (தனியே போனால் சகுனப் பிழையாம்.) லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அந்தக் கண்ணாடிக் கட்டட வாசலில் டையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால், அம்மா கைப்பையிலிருந்து தேங்காயை எடுக்கிறார்.

"அம்மா, இஞ்சை ஏலாது!"

"பிள்ளையாரப்பா, தடையில்லாமல் பார்!"

படீர்! பளிங்குப் படியில் சிதறு தேங்காய். ஒரு பாதி உருண்டுபோய்ச் சுழல்கதவில் சிக்க, கதவு நின்றுவிட்டது. உள்ளே ஒரு கோட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நின்றார்.

காவலாளி ஓடிவந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இவர் உங்களோடு வந்தவரா?"

"இல்லை. யாரென்றே தெரியாது," என்றேன். வாய் கூசவில்லை, பாருங்கள்!

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நோ சேர். திஸ் போய், ஐ டோன்ட் நோ," என்றார். கவுன்சில் படிவத்தில்கூட ஒரு பொய் எழுதாத மனுஷி! நான் மலைத்துப் போனேன்.

என்னை உள்ளே விட்டார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், ஒன்றும் ஞாபகமில்லை. திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தால், அம்மாவும் காவலாளியும் படியில் குந்தியிருந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கித் தேங்காய்ச் சொட்டு சப்புகிறார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விசரா! நீ ஓமெண்டிருந்தால் ரெண்டு பேரையும் கலைச்சிருப்பாங்கள். வேலை கிடைச்சதோ, அதைச் சொல்லு."

நான் பயத்தில் மறுதலித்தேன். அவர் எனக்காக மறுதலித்தார். எப்பேர்ப்பட்ட மனம்! இன்றைக்கும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

போன வருடம் என் கலியாணம். "மாப்பிள்ளையின்ர தாய் ஆர்? முன்னுக்கு வாங்கோ," என்றார் ஐயர். அம்மா அசையவில்லை.

"முதல்ல மாப்பிள்ளையைக் கேளுங்கோ ஐயா, என்னைத் தெரியுமோ எண்டு."

தேங்காய்க் கதை தெரிந்த மண்டபமே சிரித்தது. நான் ஐயரின் மைக்கைப் பறித்து, "தெரியும்! என்ர அம்மா!" என்று கத்தினேன்.

கலியாண வீடியோவில் தாலி கட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. இந்த இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்.