அவார்டு அண்ணனும் ஆல்டர் கேஸும்

உலகத்தில் தீர்ப்பு சொன்னவர்கள் எத்தனையோ கோடிப் பேர் இருக்கலாம். சொன்ன தீர்ப்பை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் நீட்டிய மனுஷர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அவார்டு அண்ணன். இன்னொருவரை யாராவது காட்டினால் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன், சத்தியம்.

கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில், சின்னதாக ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. நான் அங்கே செக்கர். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பிறர் குற்றம் காண்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யாருக்குக் கசக்கும்? என் மேஜைக்கு அடுத்த மேஜையில் அயர்ன் மாஸ்டர். அவர்தான் அவார்டு அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது, அது அங்கேயே இருக்கட்டும்.

கம்பெனியில் யாருக்கு யாரோடு தகராறு வந்தாலும் மத்தியஸ்தம் அவர்தான். தீர்ப்பு என்று சொல்ல மாட்டார், ‘அவார்டு’ என்பார். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, “அவார்டுன்னா கப்பு தருவாங்களாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். கட்டிங் டேபிளில் மிஞ்சும் மார்க்கர் பேப்பரில் எழுதி, ஸ்டீம் அயர்னால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சூடாகக் கொடுப்பார். கசங்கிய தீர்ப்பை எவனும் மதிக்க மாட்டான் என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு தொல்லை. எந்த வழக்கானாலும் அமெரிக்காவில்தான் ஆரம்பிப்பார். ஒரு தடவை இரண்டு டெய்லர்களுக்குள் ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று சண்டை.

“அந்தக் காலத்துல நியூயார்க்குல கோட்டு தைக்கிறவங்க பெரிய ஸ்ட்ரைக்கு பண்ணிகினு இருந்தாங்க…” என்று தொடங்கினார்.

“அண்ணே, ஃபேனு!”

“வர்றேன் இரும்மா. மொதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் ஒறவு இல்லாத ஒரு ஆள நடுவுல ஒக்கார வெச்சாங்க. சீசனுக்கு சீசன் கோட்டு மாடல் மாறுது. மாடல் மாறுனா கூலி மாறணுமா வாணாமா? அத்த அந்த ஆளுதான் சொல்லணும். அதுக்காக அவரு தையலையே கத்துக்கினாரு…”

“அதுக்குள்ள கரண்டே போயிடும்ணே!”

போயும் போய்விட்டது. கரண்டு வந்த பிறகு வந்த அவார்டு: ஃபேன் சுவரைப் பார்க்க வேண்டியது. காற்று இரண்டு பேருக்கும் இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை. மறுநாளே இருவரும் கூடிப் பேசி, ஆளுக்கு அரை நாள் என்று தாங்களாகவே ஃபேனைத் திருப்பிக்கொண்டார்கள்.

அமெரிக்காக்காரன் கோட்டுத் தகராறு ஓர் அயர்ன் மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம், விடாமல் துளைத்தேன். கடைசியில் ஒருநாள் சொன்னார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு புத்தகம். தையல் தொழிலில் பஞ்சாயத்து எப்படி வந்தது என்கிற சரித்திரம். பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

“அப்ப அந்த ஸ்ட்ரைக்கு இன்னா ஆச்சுண்ணே?”

“அந்தப் பக்கம்தாம்மா இல்ல” என்றார், சொந்த வீட்டில் களவு போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அதனால்தான் ஒவ்வொரு வழக்கிலும் நியூயார்க் கதைக்கு ஒவ்வொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களும் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம்!

ஆனால் ஒன்று, நடுநிலையில் மனுஷர் கொம்பன். வழக்கு நடக்கும்போது ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால், எதிராளி பன் வாங்கித் தரும்வரை டீயைத் தொட மாட்டார். ஆறி ஆடை படிந்தாலும் சரி. எனக்கும் எங்கள் இன்சார்ஜுக்கும் வந்த ஒரு தகராறில், பத்து வருஷம் பக்கத்து மேஜைக்காரி என்றும் பாராமல் எனக்கு எதிராக அவார்டு கொடுத்தார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

இனி ஆல்டர் கேஸ். ஸ்டெல்லா என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைன் வீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அவள் கையை எதிர்பார்த்து இருந்தார்கள். கார்மெண்ட்ஸ் பாஷை அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிய பன்னிரண்டு சட்டைகளை இன்சார்ஜ் அவள் கையில் திணித்து, “இதை ஆல்டர்ல வெச்சிடம்மா” என்று சொல்லிவிட்டு பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

எங்கள் தொழிலில் திருத்த வேண்டிய பீஸ்களைப் போடும் பெட்டிக்கு ஆல்டர் என்று பேர். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த ஆல்டர் ஒன்றே ஒன்று. அது அவள் கோயிலில், சிலுவைக்குக் கீழே இருக்கும் பலிபீடம். மறுநாள் ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. சபையார் பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாருமாகக் கொண்டுவந்து ஆல்டர் முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். கம்பெனியின் பன்னிரண்டு சட்டைகளும் அந்த வரிசையில் சேவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. ஏலத்தில் பறந்துபோயின.

திங்கட்கிழமை காலை இன்சார்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறார். பூக்காரர் ஒருவர் எங்கள் சட்டையில், காலர் ஒரு பக்கம் தூக்கி. இரண்டு கடை தள்ளி இன்னொருவர், சட்டைக் கை ஒன்று முழங்கையோடு நின்றுவிட்டது. மார்க்கெட் தாண்டுவதற்குள் நான்கு பேரைப் பார்த்துவிட்டார். நான்கிலும் வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள். ரிஜெக்ட் பீஸ் லேபிளோடு தெருவுக்கு வந்தது ஆர்டர் கொடுத்தவனுக்குத் தெரிந்தால், எங்கள் கதவுக்குப் பூட்டுதான்.

மாடிப்படியிலேயே கத்திக்கொண்டு வந்தார். “ஏனம்மா இது! கள்ளத்தனம் பண்றியா? திருடி! போலீசைக் கூப்பிடறேன் இரு!”

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். “நான் திருடல சார். நீங்கதான ஆல்டர்ல வெக்க சொன்னீங்க? வெச்சேன். பாஸ்டர் ஐயா ஜெபம்கூட பண்ணாரு சார்.”

சிரிப்பு வந்தவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டோம். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். திருடி என்ற பேர்? இங்கே ஒருத்தி தும்மினால் ஊர்க்கோடி கோரமண்டலில் ‘நூறு வயசு’ என்பார்கள். அப்படிப்பட்ட ஊர் இது. அந்தப் பேரோடு அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

எல்லா மெஷினும் நின்றுவிட்டது. மறுநாள் லோடு போக வேண்டும். முதலாளி தலையில் கை வைத்து, “அரை மணி நேரம் தரேன். அவார்டு இன்னா சொல்றாரோ அதான்” என்றார். இன்சார்ஜும் சம்மதித்தார். ஸ்டெல்லா சும்மா தலையாட்டினாள்.

அவார்டு அண்ணன் அன்று காலையிலிருந்து ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஸ்டீம் அயர்ன் பக்கத்தில் ஸ்வெட்டர்! வேர்வை ஆறாக ஓடியது. ‘காய்ச்சலாண்ணே?’ என்று மூன்று தடவை கேட்டதற்கும் ஜிப்பைத்தான் இன்னும் மேலே இழுத்துவிட்டார். இப்போது ஸ்டூலை நடுவில் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்கா வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. மெதுவாக ஸ்வெட்டர் ஜிப்பை இறக்கினார்.

உள்ளே எங்கள் சட்டை. நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது!

“நேத்து ஏலத்துல நானும் ஒன்னு எடுத்தேன். அப்ப நானும் இந்த கேஸுல ஒரு ஆளு. நடுவுல ஒக்கார எனக்கு அருகத இல்ல” என்று எழுந்து, ஸ்டூலைத் தூக்கி ஸ்டெல்லா பக்கத்தில் போட்டுக்கொண்டார். “இப்ப நான் இவங்க சைடு. சார், உங்களுக்கு யார் மேல நம்பிக்கையோ அவங்கள நடுவுல ஒக்கார வைங்க.”

இன்சார்ஜ் யோசிக்கவே இல்லை. “செக்கர் மேடம்! அவங்க ஒரு நூலைக்கூட விடமாட்டாங்க.”

ஊர் வம்பை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவளை நடுவில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? ஓடவும் வழியில்லை.

அவார்டு அண்ணன் எழுந்து எல்லோரையும் பார்த்து, “ஆல்டர்னா இன்னாங்கம்மா?” என்றார்.

“கோயில்ல இருக்கறதுண்ணே!” என்று பாதி மாடி சொன்னது. “ரிப்பேர் பொட்டி!” என்று மீதி மாடி சொன்னது.

“ஆல்டர்னா திருத்தறது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்” என்றார் இன்சார்ஜ்.

“கோயில்லயும் அதுக்குதான் சார் ஆல்டர் கீது” என்றார் அண்ணன்.

முதலாளியே சிரித்துவிட்டார். இன்சார்ஜ் விடவில்லை. “கம்பெனிச் சட்டையைக் கோயிலுக்குக் குடுன்னு நான் ஏன் சொல்லப்போறேன்?”

ஸ்டெல்லா அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். “வெள்ளிக்கெழம கேட்டேனே சார், பண்டிகைக்கு கம்பெனி சார்பா ஏதாவது குடுப்பீங்களான்னு. தலைய ஆட்டுனீங்களே!”

மெஷின் சத்தத்தில் யார் என்ன கேட்டாலும் இன்சார்ஜ் தலையை ஆட்டுவார். எனக்கு ஆறு மாதமாக ஒரு நாற்காலி தருவதாக ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் அவரையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். “ஆட்டியிருப்பேன்” என்றார் சின்னக் குரலில்.

எனக்கு அது போதும். மார்க்கர் பேப்பரை இழுத்து எழுதினேன். ஸ்டெல்லா எதையும் எடுக்கவில்லை, வைக்கச் சொன்னதை வைத்தாள். வேலையில் இருப்பாள். வரும் ஞாயிறு இன்சார்ஜும் அவளும் கோயிலுக்குப் போய் லேபிள்களை வெட்டி எடுக்க வேண்டும். ‘திருடி’ என்ற வார்த்தையை அவர் அதே இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவார்டு அண்ணன் வாங்கிப் படித்தார். “ரெண்டு எடத்துல ஒற்று வுட்டுட்டம்மா” என்றார். பிறகு அயர்ன் டேபிளில் வைத்து அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். ஆராதனை முடிந்து ஏலச் சட்டையோடு வருகிறவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தி, கழுத்தைக் குனியச் சொல்லி, நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் இன்சார்ஜ் லேபிள் வெட்டினார். அண்ணனும் தன் சட்டையோடு வரிசையில் நின்று கழுத்தை நீட்டினார். பன்னிரண்டும் முடிந்ததும் இன்சார்ஜ் ஸ்டெல்லாவின் அம்மா எதிரில் போய் நின்று, “அம்மா, தப்பு என் வாயிலதான். உங்க பொண்ணு கை சுத்தம்” என்று சத்தமாகச் சொன்னார். அந்த அம்மா மகள் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவார்டு அண்ணன் மத்தியஸ்தம் பண்ணவே இல்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். “ஒரு பக்கம் ஒக்காந்துட்டேன்மா. இனிமே நடுவுல ஒக்காந்தா செல்லாது” என்று முடித்துவிட்டார். அமெரிக்கக் கதையும் அதோடு நின்றது. அது இல்லாமல் மாடி எங்களுக்கு வெறிச்சென்று இருந்தது.

என் மூக்கு சும்மா இருக்குமா? ஒருநாள் கேட்டேன். “அண்ணே, ஜிப்ப மூடியே வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவ திருடலன்னு நீங்களே வுட்டிருப்பீங்க. உங்க பதவியும் போயிருக்காதே?”

“வுட்டிருப்பேன். என்னிக்காவது நான் சட்ட வாங்குன சங்கதி வெளிய வந்தா இன்னா சொல்லுவானுங்க? ‘அதான் அவார்டு அப்டி வந்துச்சி’ம்பானுங்க. அந்தப் பொண்ணு மறுக்கா திருடி ஆயிடும்மா.”

சொல்லிவிட்டு அடுத்த சட்டைக்குக் கையை நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “கண்ணு இன்னாம்மா கலங்கிகினு கீது?” என்றார்.

“ஸ்டீம் பட்டுச்சிண்ணே” என்றேன்.

அந்தப் பொய்யை அவர் விசாரிக்கவில்லை.